"சீசன் என்றால் அப்படித்தான்": நிலாவெளி வாசகிக்கு ஒரு பதில்

வாசகியின் கடிதம் (சுருக்கி):

வணக்கம் அக்கா. நிலாவெளியில் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் இதே தொழில். எனக்குக் கீழே எட்டுப் பேர், எனக்கு மேலே ஒரு மேடம். போன வருடக் கடைசியில் மூதூரில் இருந்து ஒரு பிள்ளை வேலைக்கு வந்தாள். வயது இருபத்திரண்டு. நல்ல பிள்ளை, ஆனால் கொஞ்சம் மெதுவு. மே மாதம் சீசன் தொடங்கியதில் இருந்து மேடம் அவளைப் பிடித்துக்கொண்டா. காலையில் எல்லாரும் கூடி நிற்கும்போது "உனக்கு மூளை இருக்கா", "வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போ" என்று ஏச்சு. அவள் செய்த அறையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவா. மற்றவர்கள் சிரிப்பு ஈமோஜி போடுவார்கள். "மூதூர் ஸ்டைல்" என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். இப்போது சாப்பாட்டு நேரத்தில் அவளோடு யாரும் உட்காருவதில்லை. நானும் கஷ்டமான அறைகளை அவளுக்கே போடுகிறேன். மற்றவர்களுக்குப் போட்டால் சண்டைக்கு வருவார்கள், அவள் வாய் திறக்கமாட்டாள். போன சனிக்கிழமை அவளுக்கு 16 அறை, அதில் 9 செக்அவுட் (விருந்தினர் விட்டுப் போன அறை). அன்றைக்கு லினன் அறைக்குள் அழுதுகொண்டு நின்றாள். நான் கண்டும் காணாத மாதிரி வந்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை.

மேடம் கெட்டவ இல்லை அக்கா, அவவுக்கும் மேலே இருந்து நெருக்குதல். முன்பு ஒரு ஆளுக்கு 10 அறை, இப்போது 15, 16. சீசன் என்றால் அப்படித்தான், நாங்களும் ஏச்சு வாங்கித்தான் தொழில் பழகினோம். இது துன்புறுத்தலா, தொழிலில் இருக்கிற கண்டிப்பா? நான் என்ன செய்யலாம்? வேலை போனால் எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

(பெயர் வேண்டாம், நிலாவெளி)

அன்புத் தங்கைக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இது துன்புறுத்தல்தான். குளியலறைத் தரையில் மணல் இருந்தால், "பிள்ளை, அந்த அறையைத் திரும்ப ஒருக்கால் கழுவு" என்று சொல்வது கண்டிப்பு. அந்தப் பேச்சு வேலையைப் பற்றியது. தரை கழுவியதும் பேச்சும் முடிந்துவிடும். "உனக்கு மூளை இருக்கா" என்பது எந்த அறையைக் கழுவினாலும் முடியாது. அதை நாளாந்தம் எட்டுப் பேருக்கு முன்னால் சொல்கிறார்கள், படமெடுத்துப் போடுகிறார்கள், பட்டப் பெயர் வைக்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் ஒதுக்குகிறார்கள். திருப்பிப் பதில் சொல்ல அவளுக்கு வழியே இல்லை. திரும்பத் திரும்ப நடப்பதும், பாதிக்கப்படுபவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத இடத்தில் இருப்பதும்தான் வேலையிடத் துன்புறுத்தல் பற்றிய ஆய்வுகளில் அதற்குச் சொல்லப்படும் முக்கிய அடையாளங்கள். ஜெர்மனியில் பிறந்து சுவீடனில் பணிபுரிந்த ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980களில் இதை முறையாக ஆராயத் தொடங்கினார். கிழமைக்கு ஒரு தடவையாவது, ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும் என்று அவர் ஒரு எல்லை வைத்தார். அது ஆய்வுக்காக வைத்த எல்லை. மே மாதத்தில் தொடங்கியதற்கு நவம்பர் வரை பொறுத்திருக்க வேண்டும் என்று யாரும் அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். நடந்ததற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: பிள்ளை மெதுவு, மேடத்துக்கு மேலே இருந்து நெருக்குதல், சீசன். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் அவை ஆபத்தானவை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அவள் மெதுவா என்று பார்ப்போம். போன சனிக்கிழமைக் கணக்கையே எடுங்கள். விருந்தினர் தங்கியிருக்கும் அறை ஒன்றைச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 20 நிமிடம் என்று வையுங்கள். செக்அவுட் ஆன அறைக்குக் கட்டில் விரிப்பெல்லாம் மாற்றி, குளியலறை முழுக்கத் தேய்த்து, கடற்கரை மணலையும் கூட்டி எடுக்க 40 நிமிடமாவது வேண்டும். 9 செக்அவுட் அறைக்கு 360 நிமிடம், மிச்சம் 7 அறைக்கு 140 நிமிடம், எல்லாமாக 500. எட்டு மணித்தியாலம் என்பது 480 நிமிடம். தண்ணீர் குடிக்காமல், வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல், லினன் வரும்வரை காத்து நிற்காமல் ஓடினாலும் அந்த வேலை முடியாது. பத்து வருட அனுபவம் உள்ள உங்களாலும் முடியாது. ஆக, அந்தப் பிள்ளையை மெதுவாக்கியதில் ரோஸ்டருக்கு, அதாவது யாருக்கு எந்த அறை என்று போடும் வேலைப் பட்டியலுக்கு, பெரிய பங்கு உண்டு. அவள் பிந்துவாள், பிந்தியதற்கு ஏச்சு விழும், ஏச்சு வாங்கிய பதற்றத்தில் அடுத்த அறையில் ஒரு டவலை மறப்பாள், அதைப் படமெடுப்பார்கள். மூன்று மாதம் இப்படிப் போனால், "நாங்கள் சொன்னது சரிதானே" என்று எல்லாரும் சொல்லும் அளவுக்கு அவள் உண்மையிலேயே பிழை விடத் தொடங்குவாள். ஒரு ஆளுடைய குணத்தில் இருந்து துன்புறுத்தல் தொடங்குவதில்லை, வேலை ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும் விதத்தில் இருந்துதான் தொடங்குகிறது என்று லேமன் அழுத்திச் சொன்னதும் இதைக் கண்டுதான். பாதிக்கப்பட்டவரிடம் பிறகு தெரியும் பயம், தடுமாற்றம், சிடுசிடுப்பு எல்லாம் பெரும்பாலும் நடந்ததன் விளைவு என்றார் அவர். மற்றவர்கள் அவற்றைக் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அவருக்குப் பின் வந்த நோர்வே, பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டதும் இதற்குக் கிட்டத்தான் வரும். வேலைச் சுமை மட்டும் தனியே நின்று இதைச் செய்வதில்லை. யார் என்ன செய்ய வேண்டும் என்ற குழப்பம், ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பது, தகவல் ஒழுங்காக வந்து சேராதது, பிரச்சினை வந்தால் பேசித் தீர்க்க ஒரு இடம் இல்லாதது, இவை சேரும் இடங்களில்தான் துன்புறுத்தல் கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் ஹோட்டலில் பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பழைய விருந்தினர் 12க்கு வெளியே போவார், புதியவர் 2க்கு உள்ளே வருவார். 'அறை இன்னும் தயார் இல்லையா' என்று ரிசப்ஷனில் இருந்து கோல் வரும். லோன்றியில் இருந்து விரிப்பு வந்திருக்காது. ஏசி திருத்த வந்த ஆள் ஈரக் காலோடு தரையை மிதித்துவிட்டுப் போயிருப்பார். இத்தனை பிந்தலும் வந்து விழுவது அறைக்குள் நிற்கும் அந்த ஒரு பிள்ளையின் தலையில். அவளுக்குப் பின்னால் தள்ளிவிட வேறு ஆள் இல்லை.

நெருக்குதல் மேலே இருந்து வருகிறது என்று நீங்கள் எழுதியதும் பொய்யில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு விழுந்த கிழக்குக் கரைச் சுற்றுலா, கொரோனாவில் இன்னும் விழுந்தது. 2022 பொருளாதார நெருக்கடியோடு, தொழில் பழகிய ஹோட்டல் ஊழியர்கள் பலர் வளைகுடாவுக்கும் மாலைதீவுக்கும் போய்விட்டார்கள். நம் பக்கத்தில் கடல் அடங்கியிருக்கும் சில மாதத்தில் உழைத்துத்தான் மாரி காலத்தையும் தாண்ட வேண்டும். இதற்கு மேல், இணையத்தில் ஒரு விருந்தினர் எழுதும் இரண்டு வரி முகாமையாளரின் முகத்தைக் கறுக்க வைக்கும். அந்தக் கறுப்பு மேடத்திடம் வரும், மேடத்திடம் இருந்து காலைக் கூட்டத்துக்கு வரும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாக இருக்கும். உங்கள் ஹோட்டலிலேயே இதே சீசன், இதே ஆள் பற்றாக்குறையோடு வேலை செய்கிற, யாரையும் அழ வைக்காத பொறுப்பாளர் ஒருவராவது இருப்பார். யோசித்தால் உங்களுக்கு முகம் நினைவு வரும். நெருக்குதல் மட்டுமே ஒரு ஆளை இன்னொரு ஆளின் மீது ஏவிவிடுமானால் அவரும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நெருக்குதலுக்கும் "உனக்கு மூளை இருக்கா" என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. மனதுக்குள் நாம் நமக்கே சொல்லும் நியாயம்தான் அந்தப் படி.

கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா இந்தப் படியைப் பல வருடம் ஆராய்ந்தார். சாதாரணமான, மனச்சாட்சி உள்ள மனிதர்கள்தான் மற்றவர்களுக்குத் தீங்கு செய்கிறார்கள், அதற்கு முன் அந்தத் தீங்கு தங்களை உறுத்தாதபடி ஒரு நியாயத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. அந்த நியாயங்களை எட்டு வகையாக அவர் பிரித்தார். எட்டையும் இங்கே அடுக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்திலேயே அவற்றில் பல இருக்கின்றன. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நித்திரை வராத ஒருத்திதான் இவ்வளவு உண்மையாக எழுத முடியும்.

"நாங்களும் ஏச்சு வாங்கித்தான் தொழில் பழகினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்களுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் இன்று நடப்பது சின்னதாகத் தெரிகிறது. அன்றைக்கு உங்களுக்கு வலித்ததா இல்லையா என்ற கேள்வி அந்த ஒப்பீட்டில் காணாமல் போய்விடுகிறது. ஏச்சு வாங்கியதால்தான் தொழில் பழகினீர்களா, ஏச்சையும் தாங்கிக்கொண்டு உங்கள் கெட்டித்தனத்தால் பழகினீர்களா? எனக்குத் தெரிய, யாரோ ஒரு மூத்த அக்கா பக்கத்தில் நின்று விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று காட்டிக் கொடுத்திருப்பா. தொழில் வந்தது அவவிடம் இருந்துதான்.

"அவவுக்கு மேலே இருந்து நெருக்குதல்" என்பதில் பொறுப்பு ஒரு படி மேலே ஏறுகிறது. மேடத்திடம் கேட்டால் அவ முகாமையாளரைக் காட்டுவா. முகாமையாளர் கொழும்பில் இருக்கும் உரிமையாளரைக் காட்டுவார். உரிமையாளருக்கு அந்தப் பிள்ளையின் பெயரே தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் பொறுப்பு பக்கவாட்டில் பரவுகிறது. ஒவ்வொருவரும் போட்டது ஒரேயொரு ஈமோஜி. தான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார். அவள் பஸ்ஸில் இருந்துகொண்டு போனைத் திறக்கும்போது ஏழு சிரிப்பையும் ஒன்றாகப் பார்க்கிறாள்.

"அவள் வாய் திறக்கமாட்டாள்" என்ற வரிதான் என்னை மிகவும் வருத்தியது. கஷ்டமான அறைகளை அவளுக்குப் போட அவளுடைய மௌனம் உங்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது. வாய் திறக்காதவருக்கு நோவு இல்லை என்று நாம் சீக்கிரம் நம்பிவிடுகிறோம். லினன் அறைக்குள் அவளைக் கண்ட பிறகுதான் உங்களுக்கு அந்த நம்பிக்கை உடைந்திருக்கிறது.

அப்புறம் "மூதூர் ஸ்டைல்". இதைச் சிறு விஷயமாக எடுக்கவே வேண்டாம். பண்டூரா 1975இல் இரண்டு பேருடன் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தார். மாணவர்களை மேற்பார்வையாளர்களாக இருத்தி, இன்னொரு குழு பிழையான முடிவு எடுக்கும்போது மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு கொடுப்பது என்பதை அந்த மாணவர்களே 1 தொடக்கம் 10 வரை தெரிவு செய்யலாம். உண்மையில் யாருக்கும் அதிர்ச்சி போகவில்லை, அது அந்த மாணவர்களுக்குத் தெரியாது. தொடங்கும் முன், அந்தக் குழுவைப் பற்றி நடத்துனர்கள் கதைப்பது தற்செயலாகக் காதில் விழுவது போல ஏற்பாடு செய்திருந்தார்கள். சிலருக்கு நல்ல மாதிரியாகச் சொன்னது விழுந்தது, சிலருக்கு மிருகம் போன்றவர்கள் என்று இழிவாகச் சொன்னது விழுந்தது. இழிவாகக் கேட்டவர்கள் கூடுதலான தண்டனை கொடுத்தார்கள். தண்டனை அளவைக் கூட்டாக முடிவு செய்வதாக நினைத்தவர்களும், தனியாகப் பொறுப்பேற்றவர்களை விடக் கூடக் கொடுத்தார்கள். காதில் விழுந்த ஒரு சொல்லும், "நான் மட்டுமா" என்ற நினைப்பும் போதுமாக இருந்தது.

நம் திருகோணமலை மாவட்டத்தில் இது இன்னும் கவலைப்பட வேண்டிய விஷயம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று இனமும் ஒரே பஸ்ஸில் போகும் இடம் இது. ஊர்ப் பெயரை ஏச்சுச் சொல்லாக்கினால் என்ன நடக்கும் என்று நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் பிழை ஊரின் பிழையாகிறது, பிறகு ஊரின் பெயரே அவளுடைய பிழைக்குச் சாட்சியாகிறது. இரண்டு பஸ் மாறி நிலாவெளிக்கு வருகிறவள் பத்து நிமிடம் பிந்தினால், "அந்தப் பக்கத்து ஆக்கள் அப்படித்தான்" என்று கதை முடிந்துவிடுகிறது. டவுனில் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலை நிலைமையும் இந்த நியாயங்களும் வேறு வேறாக நிற்பவை இல்லை. மோசமான வேலை நிலைமைதான் இந்த நியாயங்களை உற்பத்தி செய்து கையில் தருகிறது. 10 அறை இருந்த நாளில் "பழக்கிக் கொடுக்க நேரமில்லை" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 16 ஆனதும் அது உண்மையான காரணம் மாதிரி ஒலிக்கிறது. வேலை அழுத்தம் கோபத்தையும் எரிச்சலையும் கிளப்புகிறது, அவை இப்படிப்பட்ட நியாயங்களோடு சேரும்போதுதான் வேலையிடத்தில் தவறான நடத்தையாக வெளியே வருகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்களும் ஊழியர்களிடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே மேடத்தின் மனச்சாட்சியோடு மட்டும் பேசினால், அடுத்த சனிக்கிழமை 9 செக்அவுட் வரும்போது அது நிற்காது. ரோஸ்டரை மட்டும் சரி செய்தாலும் போதாது. பழகிப்போன நியாயம் சீசன் முடிந்த பிறகும் இருக்கும். மழை தொடங்கி அரைவாசி அறைகள் பூட்டிக் கிடக்கும் நவம்பரிலும் அதே பெயர், அதே சிரிப்பு தொடர்ந்தால், காரணம் சீசன் இல்லை என்று அப்போது தெரியவரும். ஆனால் அது தெரியவரும் நேரம் மிகவும் பிந்தியிருக்கும். சீசன் முடிய யாரை நிற்பாட்டுவது என்று பட்டியல் போடும்போது, சீசனில் யாருக்குப் பட்டப் பெயர் விழுந்ததோ அவருடைய பெயர்தான் முதலில் வரும்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் கையில் இருக்கும் விஷயத்தில் இருந்து தொடங்குங்கள். ரோஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது. நாளைக்கே செக்அவுட் அறைகளைத் தனியாக எண்ணி எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரியுங்கள். யாருக்கு எத்தனை செக்அவுட், எத்தனை தங்கும் அறை என்று லினன் அறைப் பலகையில் எல்லாருக்கும் தெரிய எழுதுங்கள். சண்டைக்கு வருகிறவர்களிடம் பலகையைக் காட்டுங்கள். எண்ணிக்கை வெளியே தெரிந்தால் சண்டை ஒரு கிழமைக்கு மேல் நீடிப்பது குறைவு. 12க்கும் 2க்கும் இடையில் வரும் அறைகளை இருவர் இருவராகச் செய்ய விடுங்கள். ஒருவர் குளியலறை, ஒருவர் கட்டில். வேலை வேகமாகும், விரிப்பு மாற்றுவதால் வரும் முதுகு நோவும் குறையும். அந்தப் பிள்ளையை உங்களிடம் உள்ள பொறுமையான ஆளோடு சோடி சேருங்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளோடு கதைக்க ஒரு ஆள் இருக்கும் என்பதும் இதில் ஒரு நன்மை. அந்த ஆள் வரும்வரைக்கும் நீங்களே உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவளருகே உட்காருங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பிறகு அவளோடு தனியாகப் பேசுங்கள். "கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை, சீசன் முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் அதைத்தான் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருக்கிறாள். "உனக்கு நடப்பது பிழை. கஷ்டமான அறைகளை உனக்கே போட்டதும் நான் செய்த பிழை. இனிப் போடமாட்டேன்" என்று சொல்லுங்கள். இவ்வளவு போதும். உங்கள் குற்ற உணர்வை நீண்ட நேரம் அவளிடம் கொட்டி, கடைசியில் அவள் உங்களுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடக்கூடாது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மேலே சொல்ல வேண்டுமா, வேறு பகுதிக்கு மாற வேண்டுமா, இப்போதைக்கு யாரும் பேசாமல் இருந்தால் போதுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக முறைப்பாடு செய்யப் போகாதீர்கள். நல்ல மனதோடு செய்தாலும் அதன் விளைவு அவள் தலையில்தான் விழும்.

மேடத்தோடு பேச நேரம் பார்த்துப் போங்கள். காலைக் கூட்டத்திலும் வேண்டாம், பகல் 2 மணிக்கும் வேண்டாம். பின்னேரம் அறைகள் எல்லாம் கொடுத்து முடிந்து அவ ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் நல்லது. எடுத்ததும் "நீங்கள் துன்புறுத்துகிறீர்கள்" என்று சொன்னால் அவ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பா. கணக்கோடு தொடங்குங்கள். "மேடம், போன சனிக்கிழமை ஒரு ஆளுக்கு 500 நிமிட வேலை போட்டிருக்கிறம், உங்களாலோ என்னாலோ தனியாக நின்று முடிக்க ஏலாது. முகாமையாளரிடம் கேட்க இந்தக் கணக்கை எழுதித் தரட்டுமா?" அவவுக்கு மேலே பேச இது ஒரு பிடி கொடுக்கும். அதன் பின் மற்றதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் ஏசுவதை நிற்பாட்ட வேணும் மேடம். அவள் பயத்தில்தான் கூடப் பிழை விடுகிறாள். அவளுடைய அறைகளை இனி நான் பார்க்கிறேன், பிழை இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்." கணக்கைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடாதீர்கள். நம்மில் பலர் அங்கேதான் நின்றுவிடுகிறோம்.

அதற்குப் பிறகும் காலையில் ஏச்சு தொடங்கினால், "மேடம், அந்த அறை என் பொறுப்பு, நான் இப்பவே போய்ப் பார்க்கிறேன்" என்று குறுக்கே ஒரு வசனம் சொல்லுங்கள். வாதாட வேண்டாம். எல்லார் கண்ணும் ஒரு கணம் அவளை விட்டு விலகினாலே போதும். வாட்ஸ்அப்பில் அடுத்த படம் வரும்போது, "படங்களை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் சரி செய்விக்கிறேன்" என்று குழுவிலேயே எழுதுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கும் எட்டுப் பேருக்கும் அந்தப் பட்டப் பெயர் இனி வேண்டாம் என்று சொல்வது சூப்பர்வைசர் என்ற முறையில் உங்கள் வேலை. இதைக் கேட்டு உள்ளூர ஆறுதல்படுகிறவர்கள் அந்தக் குழுவிலேயே இருப்பார்கள்.

வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரும் வீரம் காட்டத் தேவையில்லை. இதுவரை நான் சொன்னவை எல்லாம் ஒரு நல்ல சூப்பர்வைசர் செய்ய வேண்டிய வேலைகள்தான், இவற்றுக்காக ஒருவரை நிற்பாட்டுவது கஷ்டம். இன்னொரு பாதுகாப்பு, எழுதி வைப்பது. ஒரு சின்னக் கொப்பியில் திகதி, நேரம், என்ன சொல்லப்பட்டது, யார் யார் நின்றார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். ரோஸ்டரின் படத்தையும் குழுவில் வந்தவற்றின் ஸ்கிரீன்ஷொட்டையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பிள்ளையும் தனக்கென்று ஒன்று எழுதட்டும். மேடத்திடம் பேசியும் மாறவில்லை என்றால், பிள்ளையின் சம்மதத்தோடு முகாமையாளருக்கு அல்லது மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். கூட இன்னும் ஒருவராவது கையெழுத்து வைத்தால் நல்லது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையின் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஹோட்டல்களுக்கும் பொருந்தும். அதன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும். வேலை முடிந்து போவதாகக் கையெழுத்துப் போட்ட பிறகும், அறை முடியவில்லை என்று நிற்க வைத்து வேலை வாங்கினால் அது மேலதிக நேரம்தான். சீசனுக்கு மட்டும் எடுக்கும் தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளில் இருந்தே ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டும், ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். இவற்றைத் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். ஏச்சு எப்போதாவது பாலியல் ரீதியான பேச்சாகவோ தொடுகையாகவோ மாறினால் அது தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி குற்றம், ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அதற்கு நேரே பொலிஸுக்குப் போகலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

அவளுடைய உடம்பையும் கவனியுங்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்கு வரும் பஸ்ஸிலேயே நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால் தள்ளிப்போட வேண்டாம், பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். இருந்து என்ன பயன் என்ற மாதிரி ஏதாவது கதைத்தால் அன்றைக்கே போக வேண்டும். இரவு நேரமாக இருந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த இலக்கத்தை உங்களுக்காகவும் குறித்து வையுங்கள்.

கடைசியாக, இப்படியான இடங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லி வையுங்கள். ஒரு நாள் அலுவலகத்துக்குள் கூப்பிட்டு, "நீயாகவே விலகுவதாக எழுதித் தந்தால் நல்ல சேர்ட்டிபிக்கேட் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். அந்த இடத்தில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரட்டும். விலகுவதென்று அவளே முடிவு செய்தாலும் "சொந்தக் காரணம்" என்று எழுதாமல், நடந்ததை நடந்தபடி நாலு வரியில் எழுதி, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். ஏச்சாலும் ஒதுக்கலாலும் விலக வைத்ததையும் வேலையை விட்டு நீக்கியதாகக் கருதும்படி தொழில் நியாயசபையில் கேட்க வழி இருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் விலகியதும் பிந்தாமல் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாலு வரியும், நீங்கள் எழுதி வைக்கும் கொப்பியும் அப்போது தேவைப்படும்.